பதினோரு பைகளும் ஒரு முழங்காலும்

(வாசகர் கேள்விக்கு மனநல ஆலோசகரின் பதில். கடிதம் எழுதியவரை அடையாளம் காண இயலாதபடி ஊரும் சில விவரங்களும் மாற்றப்பட்டுள்ளன.)

திருச்சியில் வசிக்கும் 57 வயது வாசகி ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். 28 ஆண்டுகள் பள்ளியில் கணிதம் கற்பித்து விருப்ப ஓய்வு பெற்றவர். 2014ஆம் ஆண்டு ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்து, துண்டுத் துணிகளை இணைத்து மேல்துணியாக்கி, நடுவில் பேட்டிங் என்னும் பஞ்சு விரிப்பை வைத்து, அடித்துணியோடு சேர்த்துத் தைக்கும் க்வில்ட் போர்வை வேலையைக் கற்றுக்கொண்டார். 2015 முதல் 2021 வரை நான்கு போர்வைகளை முழுதாக முடித்தார். அதன் பிறகு ஒன்றையும் முடிக்கவில்லை. இப்போது பின்னறையில் 11 பைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பாதியில் நின்ற ஒரு போர்வை.

அவற்றில் ஒன்று, பழைய சக ஆசிரியை ஒருவர் தம் மகனின் திருமணத்துக்காக 8,000 ரூபாய் முன்பணம் கொடுத்துச் செய்யச் சொன்னது. திருமணம் முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னொன்று, 2021இல் காலமான தாயாரின் ஏழு சேலைகளில் செய்யத் தொடங்கியது. மூன்று சேலைகளை வெட்டிய பிறகு நான்காவதை வெட்டக் கை வரவில்லை என்கிறார். சேலைகளை வெட்டிய செய்தி தெரிந்த நாளிலிருந்து மதுரையில் இருக்கும் அக்கா எட்டு மாதமாகப் பேசுவதில்லை. அண்மையில் ஓய்வு பெற்ற கணவர், "மூட்டையைக் கட்டி யாருக்காவது கொடுத்துவிடு, அறையாவது மிஞ்சும்" என்கிறார். வாசகி கேட்கும் கேள்விகள் நான்கு: நான் சோம்பேறியா, அல்லது எனக்குக் கவனக்குறைபாட்டுக் கோளாறு இருக்கிறதா? இனிப் புதுத் துணியே வாங்காமல் மாதம் ஒன்றாக எல்லாவற்றையும் முடிப்பதாகச் சபதம் எடுக்கலாமா? முன்பணம் கொடுத்தவர் முகத்தில் எப்படி விழிப்பது? அம்மாவின் சேலைகள் யாருக்குச் சொந்தம்?

அன்புள்ள வாசகி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது, நீங்கள் உங்கள் மேல் சுமத்தியிருக்கும் குற்றச்சாட்டுகள்தாம் கண்ணில் பட்டன. சோம்பேறி, பொறுப்பில்லாதவள், தொடங்குவதில் மட்டும் கெட்டிக்காரி என்று ஒரு பக்கத்திலேயே மூன்று பட்டங்கள். இரண்டாம் முறை, கடைசிப் பக்கத்தில் நீங்கள் இணைத்திருந்த பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு படித்தேன். ஒவ்வொரு பையிலும் என்ன இருக்கிறது, எந்த நிலையில் நிற்கிறது என்று கணித ஆசிரியைக்கே உரிய ஒழுங்கோடு எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பட்டியல் உங்கள் குற்றச்சாட்டுகளுக்கு நேர்மாறான சாட்சி சொல்கிறது. அதற்கு வருமுன், கவனக்குறைபாட்டுக் கோளாறு பற்றிய கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறேன்.

ஏ.டி.எச்.டி. எனப்படும் அந்தக் கோளாறு ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று முளைப்பதில்லை. மனநல மருத்துவர்கள் பின்பற்றும் டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி, 12 வயதுக்கு முன்பே அதன் அறிகுறிகள் சில இருந்திருக்க வேண்டும். வீடு, பணியிடம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அவை தென்பட வேண்டும். நீங்களோ பத்தாம் வகுப்புப் பாடத்தை ஆண்டுதோறும் குறித்த நாளில் முடித்து, விடைத்தாள் கட்டுகளைக் கெடுவுக்கு முன்பே திருத்திக் கொடுத்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நேரில் பார்த்து மதிப்பிடாமல் எதையும் முடிவாகச் சொல்லக் கூடாது. ஆனாலும் போர்வை வேலையில் மட்டும், அதுவும் 2022க்குப் பிறகு மட்டும் வந்த தடையை அந்தப் பெயரில் அடைப்பது பொருந்தவில்லை. ஒருவேளை சமையல், வங்கி வேலை, நட்பு, உறக்கம் என எல்லாவற்றிலும் ஆர்வம் வற்றிப்போயிருந்தால், அது வேறு விஷயம். மனச்சோர்வும் தைராய்டு குறைபாடும் இந்த வயதில் அப்படித்தான் தலைகாட்டும். அப்படியிருந்தால் ஒரு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். உங்கள் கடிதத்தில் அதற்கான குறிப்பு எதுவும் எனக்குத் தென்படவில்லை.

பட்டியல் சொல்லும் கணக்கு

பதினோரு பைகளை நான் இப்படிப் பிரித்தேன். ஆறு பைகளில் மேல்துணி முழுவதும் தைத்து முடிந்திருக்கிறது. அடித்துணியும் பேட்டிங்கும்கூட மடித்து உள்ளேயே வைத்திருக்கிறீர்கள். இரண்டு பைகளில் வெட்டிய சதுரங்கள் மட்டும் இருக்கின்றன. ஒன்று பேரனுக்கானது, ஓரப்பட்டை மட்டும் பாக்கி. மீதி இரண்டும் முன்பணம் வாங்கியதும் அம்மாவின் சேலைகளும்.

ஆறு போர்வைகள் ஒரே இடத்தில் நிற்கின்றன என்பதைக் கவனித்தீர்களா? மேல்துணி, பேட்டிங், அடித்துணி மூன்றையும் அடுக்கி, சுருக்கம் நீவி, ஊசி குத்திச் சேர்க்க வேண்டிய கட்டம் அது. முடித்த நான்கு போர்வைகளுக்கும் அந்த வேலையை எங்கே செய்தீர்கள் என்பது இரண்டாம் பக்கத்தில் வேறு ஏதோ பேச்சினூடே வருகிறது: கூடத்துத் தரையில் விரித்து, முழந்தாளிட்டு, நகர்ந்து நகர்ந்து. நான்காம் பக்கத்தில், கோவிலில்கூட நாற்காலியில்தான் உட்காருகிறேன் என்று சொல்ல வந்த இடத்தில், 2022இலிருந்து முழங்கால் மடங்குவதில்லை என்று ஒரு வரி. இந்த இரண்டு வரிகளும் இரண்டு பக்க இடைவெளியில் கிடப்பதால் நீங்கள் அவற்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து செய்யக்கூடிய கட்டம் வரை ஆறு முறை சலிக்காமல் வந்திருக்கிறீர்கள்; தரையில் இறங்க வேண்டிய கட்டத்தில் ஆறு முறையும் நின்றிருக்கிறீர்கள். நின்றதும், கை சும்மா இருக்காமல் அடுத்த மேல்துணியைத் தொடங்கியிருக்கிறீர்கள். சோம்பேறி செய்கிற காரியமா இது?

மனம் இப்படிக் காரணத்தை மறைத்துக்கொள்வது புதிதல்ல. "என்னால் முடியவில்லை" என்று ஒப்புக்கொள்வதைவிட "நான் செய்யவில்லை" என்று பழி ஏற்பது பலருக்கு எளிதாக இருக்கிறது. பழியில் இன்னும் கொஞ்சம் அதிகாரம் மிச்சமிருக்கிறது, இயலாமையில் அது இல்லை. நாள் முழுதும் நின்று பழகிய ஆசிரியைகளிடம் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். முழங்காலை ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று ஆண்டுகளாகத் தைலம் தடவிச் சமாளிக்கிறேன் என்று எழுதியிருப்பது சிகிச்சை ஆகாது.

தரைக்குப் பதிலாகச் சாப்பாட்டு மேசை

அடுக்குகளைச் சேர்க்கத் தரைதான் வேண்டும் என்பது வகுப்பில் கற்றுக்கொண்ட பழக்கம், விதி அல்ல. என் சித்தியிடம் நான் பார்த்த முறையைச் சொல்கிறேன். மேசையின் நட்ட நடுவில் ஒரு தீக்குச்சியை வைத்து டேப் போட்டு ஒட்டிவிடுவார். அடித்துணியை நான்காக மடித்து, மடிப்பு முனையைத் தீக்குச்சி மேல் வைத்து, நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரிப்பார். மேசை ஓரங்களில் அலுவலகக் காகிதங்களுக்குப் போடும் கறுப்புக் கிளிப்புகளைப் போட்டு இழுத்துப் பிடிப்பார். துணி விறைப்பாக வேண்டும், ஆனால் நீண்டுவிடக் கூடாது. அதன் மேல் பேட்டிங், அதன் மேல் மேல்துணி. ஒவ்வொன்றையும் மடித்து நடுமுனையை அந்தத் தீக்குச்சிக்கு நேராக வைத்துத்தான் விரிப்பார். மூன்று அடுக்குக்கு அடியிலும் அந்தக் குச்சி விரலுக்குத் தட்டுப்படும். பிறகு நடுவிலிருந்து வெளிப்புறமாக உள்ளங்கையால் நீவி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பின் வீதம் குத்திக்கொண்டே போவார். மேசை அளவுக்கு முடிந்ததும் கிளிப்பை எடுத்து, போர்வையை ஒரு பக்கமாக நகர்த்தி, தொங்கிக்கொண்டிருந்த பகுதியை மேசைக்குக் கொண்டுவந்து, அடித்துணியை மறுபடி இழுத்துக் கிளிப் போட்டுத் தொடர்வார். முழுக்க நின்றுகொண்டும், வேண்டும்போது உயரமான நாற்காலியில் உட்கார்ந்துகொண்டும் செய்யலாம். அடித்துணி மேல்துணியைவிட நாலு பக்கமும் மூன்று அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. லாங்-ஆர்ம் என்னும் பெரிய இயந்திரம் வைத்து, மேல்துணியை வாங்கி, கூலிக்கு அடுக்கித் தைத்துத் தருபவர்கள் நம் நாட்டிலும் உண்டு. "அப்படிச் செய்தால் அது என் போர்வை ஆகாது" என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. இந்தக் கலை வளர்ந்த 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவிலேயே, ஒரு வீட்டுப் பெண் தனியாக மேல்துணியைத் தைத்துவிட்டு, அடுக்கித் தைக்கும் நாளில் அக்கம்பக்கத்துப் பெண்களை அழைத்து ஒரு சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து முடிப்பது வழக்கமாக இருந்தது. அதிகக் கைகள் பட்ட கட்டம்தான் அது. ஆறையும் அனுப்புவது செலவு. மிகப் பெரிய இரண்டை அனுப்பிவிட்டு மற்ற நான்கை மேசையில் வைத்துக்கொள்ளலாம். அந்த நான்குக்கும் நெளிவு சுளிவான தையல் கோலம் வேண்டியதில்லை. நேர்க்கோட்டுத் தையல், அல்லது கனமான பருத்தி நூலால் இடைவெளி விட்டுப் போடும் முடிச்சுகள் போதும். எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் இருக்க வேண்டும் என்பதைப் பேட்டிங் உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள். அதை மீறினால் இரண்டு துவைப்பில் பஞ்சு ஒரு மூலையில் போய்ச் சுருண்டுகொள்ளும்.

வெட்டிய சதுரங்களோடு நிற்கும் இரண்டு பைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அந்த நிறங்கள் இப்போது பிடிக்கவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். துணிக்கும் நூலுக்கும் போன பணம், அவற்றை முடித்தாலும் திரும்பப் போவதில்லை. அருகில் தையல் வகுப்பு நடத்துபவர்களிடம் கொடுத்துவிடுங்கள். சரியாக அளந்து வெட்டிய சதுரங்கள் கற்றுக்கொள்பவர்களுக்குக் கிடைப்பது அரிது.

வாங்கிய 8,000 ரூபாய்

இந்தப் பை மற்ற பத்தோடு சேராது. மற்றவை உங்கள் பொழுதுபோக்கு. அவற்றை முடிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். இது பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த வாக்கு. பதினோரு பைகளையும் ஒரே அறையில் ஒரே குவியலாக வைத்திருப்பதால், இந்த ஒன்றின் உறுத்தல் மற்ற பத்துக்கும் பரவியிருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த ஆசிரியையின் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு கோவிலுக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு ஆண்டுகளாகச் சுற்றிய தூரத்தைவிட ஒரு தொலைபேசி அழைப்பு குறைவான தொல்லைதான்.

நீங்கள் யோசித்திருக்கும் திட்டம், எப்படியாவது போர்வையை முடித்துக்கொண்டு போய் நின்றால் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்காது என்பது. அது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் போர்வை பாதி மேல்துணியோடு நிற்கிறது; இரட்டைக் கட்டில் அளவு; இன்றைய நிலையில் உங்களுக்கு மிகக் கடினமானது அதுதான். கடினமான வேலையின் மேல் வெட்கத்தையும் ஏற்றி வைத்தால், இன்னும் ஒரு ஆண்டு நகராது. எனவே முதலில் பேசுங்கள். காரணங்களை நீளமாக அடுக்க வேண்டாம். "தாமதத்துக்கு என்மேல்தான் தப்பு. பணத்தை முழுதாகத் திருப்பித் தந்துவிடுகிறேன், இல்லை, உங்களுக்கு இன்னமும் வேண்டுமென்றால் இந்தத் தேதிக்குள் தருகிறேன், எது சௌகரியம் என்று நீங்களே சொல்லுங்கள்" என்பது போதும். துணி வாங்கிய செலவைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்க நினைக்காதீர்கள். குறித்த விசேஷத்துக்குப் பொருள் போய்ச் சேராதபோது அந்தச் செலவு உங்களுடையது. "பரவாயில்லை, மெதுவாகக் கொடுங்கள்" என்று அவர் சொன்னால், அதில்தான் ஆபத்து. அந்தப் பெருந்தன்மையை நன்றியோடு மறுத்து, ஒரு தேதியைச் சொல்லி, அதை வாட்ஸ்ஆப்பில் ஒரு வரியாகவும் அனுப்பிவிடுங்கள். முடித்த மேல்துணிகளில் ஒன்று அவருக்குப் பிடித்திருந்தால் அதையே தைத்துத் தருவதாகவும் கேட்டுப் பார்க்கலாம். கேட்காமல் மாற்றிக் கொடுப்பது மட்டும் கூடாது.

அம்மாவின் ஏழு சேலைகள்

கடிதத்தில் எழுத்து நடுங்கியிருந்த இடம் இது. "கத்தரியை எடுத்தால் கை நின்றுவிடுகிறது. இதுகூடச் செய்ய முடியாத மகள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை முடிக்காத தையல் வேலைகளின் பட்டியலில் சேர்த்ததே தவறு என்பேன். மற்றப் பைகளில் நிற்பது வேலை. இதில் நிற்பது துக்கம். கை நின்றது ஒரு பிழையே அல்ல. வெட்டிய துணி மறுபடி சேலையாகாது என்பது உங்கள் கைக்குத் தெரிந்திருக்கிறது.

முதலில் உரிமையைப் பற்றி. அம்மா கடைசி ஆறு ஆண்டுகள் உங்களோடுதான் இருந்தார், அதனால் சேலைகள் உங்களுடையவை என்று கருதுகிறீர்கள். நான் வழக்கறிஞர் அல்லேன். ஆனாலும் பொதுவான நிலையைச் சொல்ல முடியும். உயில் எழுதாமல் இறந்த இந்துப் பெண்ணின் உடைமை, 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, முதலில் மகன்களுக்கும் மகள்களுக்கும் கணவருக்கும் சமமாகப் போகிறது. அப்பா முன்பே காலமாகிவிட்டார், நீங்கள் இருவர் மட்டுமே பிள்ளைகள் என்பதால், அக்காவுக்கும் உங்களுக்கும் சம பங்கு. யார் வீட்டில் இருந்து யார் பார்த்துக்கொண்டார்கள் என்பது அந்தக் கணக்கை மாற்றாது. பார்த்துக்கொண்டதன் மதிப்பு பெரிது. அது சேலைக் கணக்கில் வருவதல்ல. ஆனால் ஏழில் ஒன்றான சுங்குடிச் சேலையை அம்மா உயிரோடு இருந்தபோதே, "இதை நீ வெச்சுக்கோ" என்று கையில் கொடுத்தார் என்கிறீர்கள். மனமாரக் கையில் கொடுத்துவிட்ட பொருள் கொடையாகிவிடுகிறது; அது உங்களுடையது. சேலைக்காக யாரும் வழக்குத் தொடுக்கப் போவதில்லை என்றாலும், "உனக்கு யார் உரிமை கொடுத்தது" என்று அக்கா கேட்டது வெறும் பொறாமை அல்ல என்பதை நீங்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். கேட்காமல் வெட்டியது அவருடைய துக்கத்திலும் ஒரு பகுதியை வெட்டியது போல் அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

இனி, மிஞ்சியிருக்கும் நான்கு சேலைகள். ஒரு காஞ்சிபுரம் பட்டு, இரண்டு செட்டிநாட்டுக் கண்டாங்கி, ஒரு சுங்குடி. பட்டைப் போர்வைக்கு எடுக்கவே வேண்டாம். பழைய பட்டு மடிப்பு விழுந்த கோட்டில் இற்றுப்போகும். ஊசி குத்திய துளை பட்டில் மறையாது. சரிகை, போர்த்திக்கொள்பவரின் கன்னத்தை அறுக்கும். அதை அப்படியே அக்காவிடம் கொடுத்துவிடுவது துணிக்கும் நல்லது, உறவுக்கும் நல்லது. கண்டாங்கியில் ஒன்று அவருக்கு, ஒன்று உங்களுக்கு. வெட்டிய மூன்று சேலைகளின் துண்டுகளைக் கொண்டு ஒரு பெரிய போர்வைக்குப் பதில் மடியில் போட்டுக்கொள்ளும் அளவில் இரண்டு செய்யலாமா என்று அக்காவையே கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொல்லக்கூடும்; அந்த உரிமையும் அவருக்கு உண்டு.

உங்களுக்கு மிஞ்சும் கண்டாங்கியையும் சுங்குடியையும் வெட்டவே வேண்டியதில்லை. வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி, பஞ்சு எதுவும் வைக்காமல், ஓட்டுத்தையல் மட்டும் போட்டுக் காந்தா செய்கிறார்கள். நாம் கிழிந்த துணிக்குச் சொல்லும் "கந்தை"யும் அந்தச் சொல்லும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை. ஐந்தரை மீட்டர்ச் சேலையை நீளவாக்கில் மூன்றாக மடித்தால், ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளத்தில் மூன்று அடுக்கு மெல்லிய போர்வை கிடைக்கும். அதைச் சுற்றிலும் குறுக்கிலும் இழை ஓட்டிவிட்டு, பிறகு மடியில் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தைக்கலாம். கண்டாங்கியில் கட்டம் நெய்தே இருப்பதால் கோடு போட வேண்டிய வேலையும் இல்லை. கட்டத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே ஊசி போய்விடும். நாளைக்கு மனம் மாறினால் நூலைப் பிரித்துவிடலாம், அது மறுபடி சேலைதான். உங்கள் கை தயங்கிய காரணத்துக்கு நான் கண்ட நேரான மருந்து இதுதான்.

தொடங்குமுன் சேலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அம்மா உட்கார்ந்து எழுந்த பகுதி கொசுவலை போல் தெரியும்; முந்தியும் கரையும் உறுதியாக இருக்கும். மெலிந்த பகுதி நடு அடுக்கில் வரும்படி மடித்துக்கொள்ளுங்கள். சுங்குடியின் சாயம் இறங்குமா என்பதற்கு, ஈர வெள்ளைத் துணியை மேலே வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் தெரிந்துவிடும்.

அவசரம் ஒன்றுமில்லை. அலமாரியில் இன்னும் ஒரு ஆண்டு இருந்தாலும் அந்தச் சேலைகள் முடிக்காத வேலை ஆகிவிடாது. ஆனால் அம்மாவின் நினைவு வந்தால் நாள் முழுதும் வேறெதுவும் ஓடாமல், உறக்கமும் உணவும் இன்றும் கெடுகின்றன என்றால், சேலையை விட்டுவிட்டு உங்களைக் கவனிக்க ஒரு மனநல நிபுணரைப் பாருங்கள். இத்தனை ஆண்டு கழித்து எதற்கு என்று எண்ண வேண்டாம்.

மாதம் ஒன்று என்ற சபதம்

சபதம் வேண்டாம் என்பதே என் கருத்து. பதினோரு மாதத்தில் பதினொன்று என்பது கணிதத்தில் அழகாக வகுபடுகிறது, வாழ்க்கையில் அப்படி வகுபடாது. கனடாவில் நடத்தி 1994இல் வெளியான ஓர் ஆய்வில், இறுதியாண்டு மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். அது அவர்களுக்கு ஒரே ஒரு வேலை. உங்களுக்குப் பதினொன்று, நடுவே தீபாவளி, பெங்களூரிலிருந்து மகள் வருகை, முழங்கால் சிகிச்சை. இரண்டாம் மாதமே சபதம் தவறும்; தவறியதும் "நான் சொன்னேனே, நான் இப்படித்தான்" என்று பழைய குரல் எழும். எனக்கு அந்தக் குரலுக்குத்தான் பயம். புதுத் துணி வாங்கவே கூடாது என்ற தடையும் தண்டனைதான். புதியதைத் தொடங்குவதில் உங்களுக்கு இருக்கும் மகிழ்ச்சியைப் பிடுங்கிவிட்டுப் பழையதை முடிக்கச் சொன்னால், தையல் இயந்திரத்தின் பக்கமே போக மாட்டீர்கள்.

அதற்குப் பதில் ஒரு சிறு வேலை. ஒவ்வொரு பையின் மேலும் ஒரு சீட்டில், அடுத்து செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியத்தை எழுதிக் குத்துங்கள். "முடிக்க வேண்டும்" என்று எழுதாதீர்கள். "அடித்துணியை இஸ்திரி போட வேண்டும், சனி மதியம், மேசை" என்று எழுதுங்கள். முடியாத வேலை மனத்தை அரித்துக்கொண்டே இருக்கும் என்பதை உளவியலாளர்கள் நூறாண்டாகப் பேசிவருகிறார்கள். 2011இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் வெளியிட்ட சோதனைகளில், அந்த வேலையை முடிக்காவிட்டாலும், எப்போது எப்படிச் செய்வது என்று திட்டமாக எழுதிவிட்டாலே அரிப்பு பெரிதும் அடங்குவதைக் கண்டார்கள். எனக்குத் தைக்கத் தெரியும் என்றாலும், கொக்கி வைக்காத ரவிக்கை ஒன்று என் பெட்டியில் இரண்டு ஆண்டாகக் கிடந்தது. "கொக்கி வாங்கு" என்று எழுதிய பிறகுதான் கொக்கி வாங்காததே தடை என்று எனக்கும் தெரிந்தது.

கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் பைகளைத் தூக்கிக் கொடுக்க அவருக்கு உரிமையில்லை. ஆனால் ஓய்வு பெற்று வீட்டிலிருக்கும் மனிதர் உட்கார ஒரு அறை கேட்பது நியாயம். இரண்டு பைகள் வெளியே போய், அக்காவின் பங்கும் போய்ச் சேர்ந்தால், மீதி ஒரு பீரோவுக்குள் அடங்கும். சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசை உங்களுக்கு, பின்னறை அவருக்கு என்று பேசிப் பாருங்கள். அடித்துணியின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் தேவைப்படும், அவரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.

எதில் தொடங்குவது

பேரனுடையதில். ஓரப்பட்டை மட்டும்தான் பாக்கி, அதற்குள் குழந்தைக்கு நான்கு வயதாகிவிட்டது, இனி எதற்கு என்று எழுதியிருந்தீர்கள். 36க்கு 45 அங்குலப் போர்வை நான்கு வயதுக் குழந்தைக்கு மதியத் தூக்கத்துக்கும் கார் பயணத்துக்கும் சரியான அளவு. சுற்றளவு 162 அங்குலம். இணைப்புகளுக்கும் மூலைகளுக்கும் சேர்த்து 174 என்று வைத்துக்கொண்டால், 44 அங்குல அகலத் துணியில் இரண்டரை அங்குலப் பட்டைகள் ஐந்து போதும். 35 சென்டிமீட்டர் துணிக்குள் அடங்கிவிடும், வீட்டிலேயே இருக்கும். இயந்திரத்தில் ஒரு பக்கம் தைத்துவிட்டு, மறுபக்கத்தை மடித்துக் கைத்தையல் போட மூன்று மாலைப் பொழுதுகள் ஆகலாம். நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். பின்பக்க மூலையில் அவன் பெயரைத் தைக்கும்போது, ஆண்டு என்று அவன் பிறந்த ஆண்டைப் போடாதீர்கள்; முடிக்கிற ஆண்டையே போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்